அன்னப்பிள்ளையின் ஆட்டைத் திவசம்

அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஊரில் யாராவது செத்தால்தான் வடை கிடைக்கும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். மண்கும்பான் மணலில், பனங்கூடலுக்கு நடுவே இருந்த அம்பாள் சிறுவர் இல்லத்தில் சாதாரண நாட்களில் காலையில் கஞ்சி, மத்தியானம் மரவள்ளிக் கிழங்கு, இரவில் எது மிஞ்சியதோ அது. ஒரு வீட்டில் திவசம் வந்தால் மட்டும் கதை வேறு. செத்தவரின் பிள்ளைகள் அரிசி, பருப்பு, நெய் எல்லாம் கொண்டுவந்து இறக்குவார்கள். இல்லத்துப் பிள்ளைகள் குளித்து, திருநீறு பூசி, செத்தவரின் படத்துக்கு முன்னால் தேவாரம் பாடிவிட்டுப் பந்தியில் இருப்பார்கள். ஒரு சின்னப் பெடியன் ஒருநாள், "பெரியக்கா, அடுத்ததா ஆர் சாகப்போகினம்?" என்று கேட்டே விட்டான். மீனலோசனி அவன் வாயில் ஒன்று போட்டாள். பிறகு குசினிக்குள் போய் நின்று அழுதாள்.

இல்லத்தின் பொறுப்பு முழுவதும் அவளுடையது. வேலணையில் படிப்பித்துக்கொண்டிருந்தவள், கலியாணம் சரிவராமல் போனபிறகு இங்கே வந்துவிட்டாள். பிள்ளைகளுக்கு அவள் பெரியக்கா, பெரிய மனிதர்களுக்கு ரீச்சர். இருபதுக்கு மேற்பட்ட வயிறுகளுக்கு மூன்று நேரமும் பதில் சொல்ல வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

இல்லம் தொடங்கிய கதையும் கேட்கத் தகுந்ததுதான். ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, தாய் தகப்பனை இழந்த சில பிள்ளைகளை ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கன்னியாஸ்திரிமார் எடுத்து வளர்த்தார்கள். வளர்த்தவர்கள் ஞானஸ்நானமும் கொடுத்தார்கள். அதோடு ஊர்ச் சைவப் பெரியவர்களுக்கு ரோசம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் பட்டினி கிடந்தபோது எங்கே போயிருந்ததோ அந்த ரோசம்! சரி, எப்படியோ வந்ததே. தெற்கே கடை வைத்திருந்த இந்தத் தீவு ஆட்களைப் பிடித்து ஒரு கட்டிடம் கட்டினார்கள். வாசலில் கட்டிடம் கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். பிள்ளைகளை யார் பார்ப்பது, எதைக் கொடுப்பது என்பதையெல்லாம் அதற்குப் பிறகுதான் யோசித்தார்கள்.

இல்லத்துக்கு ஒரு விதி இருந்தது. தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகளை மட்டுமே சேர்க்கலாம். அரசாங்கக் கந்தோர்க்காரர்கள்கூட இப்படியொரு சட்டம் போடவில்லை. இது இல்லத்தை நடத்திய சங்கத்தின் தலைவர் இளையதம்பியர் போட்ட சட்டம், அவரும் அதைச் சும்மா போடவில்லை. திவசச் சோறு கொடுக்கிறவர்களின் மனம் அப்படி. ஒருவருமில்லாப் பிள்ளையின் வயிற்றுக்குள் போகும் சோறுதான் செத்தவருக்குப் போய்ச் சேரும் என்று அவர்கள் நம்பினார்கள். முந்தின வருஷம் ஒரு பையனுக்குத் தகப்பன் உயிரோடிருப்பது தெரியவந்தபோது, சோறு கொடுக்க வந்தவர் இறக்கிய அரிசி மூட்டையை அதே வண்டியில் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். பந்தியில் இலை போட்டபடி பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீனலோசனி அந்த விதியை ஒருமுறை மீறியிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெடுந்தீவிலிருந்து சத்தியபாமா என்று ஒருத்தி, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். புருஷன் கடலில் போய்விட்டான். அவளுக்குச் சயரோகம், இருமினால் சேலைத் தலைப்பில் இரத்தம். ஆசுப்பத்திரியில் கொண்டுபோய்ப் போடப்போகிறார்கள், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. ஏழு வயதுப் பிள்ளை தவமலர், தாய் இருமும்போதெல்லாம் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். தாய் பிழைக்கமாட்டாள் என்று மீனலோசனிக்குத் தோன்றியது. அன்று பின்னேரமே இளையதம்பியரிடம் போய், "தாயும் செத்துப்போச்சு ஐயா, நெடுந்தீவுப் பிள்ளை" என்று சொல்லிவிட்டாள். இரண்டு மாதத்தில் உண்மையாகப் போகிற விஷயத்தைக் கொஞ்சம் முந்திச் சொன்னதாகத் தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

ஆனால் சத்தியபாமா சாகவில்லை.

எழுபத்துநாலாம் ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டென்று அந்த நாளில் இருந்தவர்களுக்குத் தெரியும். கூப்பன் அரிசியைக் குறைத்துவிட்டார்கள். பேக்கரியில் பாணுக்குப் பலபலவென்று விடியும் முன்னரே வரிசை. சீனியைக் கண்ணால் காண முடியாது. சோறு கொடுத்த வீடுகளே மரவள்ளியை அவித்துத் தின்ற காலத்தில் திவசங்களும் சுருங்கிப்போயின. அப்போதுதான் செல்வரத்தினம் வந்தார். பதுளையில் கடை, பூநகரியில் வயல், நல்ல மனிதர். தாய் அன்னப்பிள்ளை முந்தின வருஷம் செத்தபோது அவர் கடையில் நின்றார். கொள்ளி வைக்கத்தான் வந்து சேர முடிந்தது, கடைசியாக ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக் கிடைக்கவில்லை. அது அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. வருஷம் முடிய வரும் ஆட்டைத் திவசத்தை இல்லத்தில் செய்வதென்றும், மனதுக்குச் சரியென்று பட்டால் தான் இருக்கும்வரை மாதாமாதம் பூநகரி அரிசி தருவதென்றும் இளையதம்பியரிடம் சொல்லியிருந்தார். இதைக் கேட்ட நாளிலிருந்து, அந்த அரிசி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் மீனலோசனி ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

திவசத்தன்று காலையில் குசினி அடுப்பில் பெரிய சோற்றுக் கிடாரம் ஏறிவிட்டது. சமையற்கார அரியநாயகம் உதவிக்கு வரவேண்டிய ஆள் வரவில்லையென்று கத்திக்கொண்டிருந்தார். மீனலோசனி வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தபோது பின்வாசல் படலையில் யாரோ நிற்பது தெரிந்தது. வெள்ளைச் சேலை, தோளில் ஓலைப் பை. முகம் கொஞ்சம் தேறியிருந்தது, அதனால்தான் முதலில் மட்டுக்கட்ட முடியவில்லை.

"அக்கா, என்னைத் தெரியேல்லையோ? சத்தியபாமா."

மீனலோசனி சுற்றுமுற்றும் பார்த்தாள். அவளைக் கையில் பிடித்து இழுக்காத குறையாகக் குசினிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"சுகம் வந்திட்டுது அக்கா. துண்டு வெட்டி ஆசுப்பத்திரியால விட்டிட்டினம். பிள்ளையோட இருக்கலாமெண்டு டொக்குத்தர் வடிவாச் சொன்னவர். நெடுந்தீவில தமையன் ஒரு கொட்டில் போட்டுத் தந்திருக்கிறார், பாய் இழைக்கிறன். விடியக் காலமை வள்ளத்தில குறிகட்டுவானுக்கு வந்து பஸ் பிடிச்சு வாறன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க மீனலோசனியால் முடியவில்லை. வேறொரு நாளாக இருந்தால் கட்டிப்பிடித்திருப்பாள். இன்றைக்கென்று பார்த்தா வரவேண்டும்? அப்படி நினைத்ததற்காக அடுத்த கணமே தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். பிறகு ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். விதியைச் சொன்னாள், திருப்பி ஏற்றிய அரிசி மூட்டையைச் சொன்னாள், செல்வரத்தினத்தின் வாக்கைச் சொன்னாள். கடைசியாக, இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததையும் சொன்னாள்.

"நீர் செத்துப்போனீர் எண்டு சொல்லித்தான் பிள்ளையைச் சேர்த்தனான்."

சத்தியபாமா தோளில் கிடந்த ஓலைப் பையைச் சரிசெய்தாள். பிறகு, "அந்த நேரம் நானும் அப்பிடித்தான் நினைச்சனான் அக்கா" என்றாள். "நீங்கள் எடுக்காட்டி என்ரை பிள்ளை பிச்சையெல்லோ எடுத்திருக்கும்."

"இண்டைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும். அவையள் சாப்பாடு முடிஞ்சு போகட்டும். பின்னேர பஸ்ஸில கூட்டிக்கொண்டு போம். தகப்பன் வழியில ஒரு பெரியம்மா வந்து கேட்டவவெண்டு நான் இளையதம்பி ஐயாவுக்குச் சொல்லிறன். அதுவரைக்கும் குசினிக்குள்ளயே இரும். ஒருத்தரோடயும் கதையாதையும், என்ன?"

"ஓம் அக்கா. நான் ஏன் கதைக்கிறன்?"

ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். ஆனால் அந்தக் காலையில் மீனலோசனிக்கு அது பெரிய பாவமாகத் தெரியவில்லை. பின்னேரம் தாயும் பிள்ளையும் சேர்ந்து போவார்கள், மற்றப் பிள்ளைகளுக்கு அரிசி வரும், ஒருவருக்கும் நட்டமில்லை. கணக்கு அவ்வளவு அழகாக ஒத்துவந்தது.

சத்தியபாமா பையை மூலையில் வைத்துவிட்டுக் கத்தரிக்காய் வெட்ட உட்கார்ந்தாள். யார், எவர் என்று கேட்க அரியநாயகத்துக்கு நேரமில்லை, ஆள் கிடைத்ததே போதுமென்று இருந்தார். கொஞ்ச நேரத்தில், அரியநாயகம் விறகெடுக்க வெளியே போயிருந்தபோது, தவமலர் தண்ணீர்ச் செம்பு எடுக்க உள்ளே வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஓடிவரவில்லை, சத்தம் போடவில்லை. "அம்மா" என்று வாய்க்குள் சொன்னாள். சத்தியபாமா கத்தியைப் போட்டுவிட்டு அவளை இழுத்து மடியில் வைத்து, தலையை மோந்தாள். முகத்தையும் கையையும் காலையும் மாறி மாறித் தடவினாள்.

மீனலோசனி பின்னாலேயே வந்துவிட்டாள். "பிள்ளை, அம்மாவோட பின்னேரம் ஊருக்குப் போகலாம். இப்ப பந்தி முடியட்டும். அங்கை போய் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, கேட்டுதோ? அவையளுக்குத் தெரிஞ்சால் அரிசி தரமாட்டினம்." 

தவமலர் தாயின் முகத்தையும் பெரியக்காவின் முகத்தையும் பார்த்தாள். தலையாட்டினாள். செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை எவ்வளவுக்கு விளங்கிக்கொள்ளும் என்று மீனலோசனி அப்போது யோசிக்கவில்லை.

மத்தியானம் செல்வரத்தினம் மனைவி கமலாதேவியோடு காரில் வந்து இறங்கினார். இளையதம்பியர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் ஓடினார். அன்னப்பிள்ளையின் படத்தைக் கதிரையில் வைத்து மாலை போட்டார்கள். பிள்ளைகள் தேவாரம் பாடினார்கள். தவமலரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. செல்வரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், இமை நனைந்திருந்தது. இதைப் பார்த்த மீனலோசனி, இனி அரிசி வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு பந்திக்கு இலை போடப் போனாள்.

பந்தி தொடங்கியது. பரிமாற ஆள் போதவில்லை. அரியநாயகத்துக்கு இந்த ஒளிப்பு மறைப்பு ஒன்றும் தெரியாதே! குசினிக்குள் சும்மா நின்ற சத்தியபாமாவின் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்து, "என்ன பிள்ளை பார்த்துக்கொண்டு நிக்கிறீர், கொண்டுபோய் ஊத்தும்" என்று தள்ளிவிட்டார். மீனலோசனி நிமிர்ந்து பார்த்தபோது அவள் பந்தியின் நடுவில் வந்துவிட்டாள். கூப்பிட்டுத் தடுத்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சரி, ஊற்றிவிட்டுப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சத்தியபாமாவும் தலை நிமிராமல்தான் ஊற்றிக்கொண்டு வந்தாள். தவமலரின் இலைக்கும் மற்ற இலைகளுக்கு ஊற்றியமாதிரியே ஊற்றினாள். ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகரும்போது, சோற்றில் கிடந்த செத்தல் மிளகாய் ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. தன்னை அறியாமலே குனிந்து, இரண்டு விரலால் அந்த மிளகாயை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தாள். பிள்ளைக்கு மிளகாய் கடிபட்டால் விக்கல் எடுக்கும், தாய்க்குத் தெரியும். அவ்வளவுதான் அவள் செய்தது.

"என்ன இது?" செல்வரத்தினம் பந்தியின் தொடக்கத்தில் நின்றார். "பிள்ளை சாப்பிடுற இலையில கை வைக்கிறீர்?"

சத்தியபாமா வாளியோடு அப்படியே நின்றாள். செல்வரத்தினம் கோபக்காரர் இல்லை. ஆனால் தாயின் திவசச் சோறு, எச்சில் படாமல் முறையாக நடக்கவேண்டுமென்ற கவலை அவருக்கு. கிட்ட வந்தார். அவளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். இரண்டு முகத்திலும் ஒரே நெற்றி, ஒரே கண். "ரீச்சர், ஆர் இந்த மனுசி?"

எல்லாரும் மீனலோசனியைப் பார்த்தார்கள். இளையதம்பியரின் புருவம் ஏறியது. கைகள் இலைக்கு மேலேயே நிற்க, பிள்ளைகள் அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் அரிசி மூட்டை வண்டியில் ஏறியதைப் பார்த்த அதே பிள்ளைகள். தாய்தான் என்று சொல்லலாம். சமையலுக்கு வந்தவள் என்றும் சொல்லலாம். இரண்டும் நாக்கின் நுனியில் இருந்தன. ஆனால் தாயை அவளுடைய முகத்துக்கு நேரே, அவள் பிள்ளைக்கு முன்னால் எப்படி இல்லையென்பது? மீனலோசனி தலையைக் குனிந்துகொண்டாள்.

செல்வரத்தினம் பிள்ளையிடம் குனிந்தார். "பிள்ளை, நீர் சொல்லும். இவ உமக்கு ஆர்?"

தவமலர் வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள். "சமைக்க வந்தவ, ஐயா."

"அப்ப உம்மட அம்மா?"

"செத்துப்போனா, ஐயா."

தேவாரம் பாடிய அதே தெளிவான குரல். சொல்லிவிட்டுப் பிள்ளை இலையைப் பார்த்துச் சோற்றைக் குழைக்கத் தொடங்கினாள். சத்தியபாமா வாளியைச் சரித்து அடுத்த பிள்ளையின் இலைக்கு ஊற்றினாள். அதற்கு அடுத்த இலைக்கும் ஊற்றினாள். பந்தி முடியும்வரை ஊற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

செல்வரத்தினம் பந்திக்குப் பக்கத்திலேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி மணலாகிறதென்றும் பார்க்கவில்லை. "எனக்கும் அம்மா இல்லை, பிள்ளை" என்று சொல்லிப் பெரிய மனிதர் விம்மினார். அது நடிப்பில்லை, பாவம், அந்த மனிதருக்கு அவ்வளவு துக்கம். எழும்பியபோது இளையதம்பியரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அரிசி மாதாமாதம் வரும் அண்ணை, அதில பேச்சில்லை. இந்தப் பிள்ளையின்ரை படிப்பு, கலியாணம் எல்லாம் என்ரை பொறுப்பு. என்ரை அம்மாவின்ரை பேரில வளரட்டும். நான் ஊருக்கு வாற நேரமெல்லாம் வந்து பார்ப்பன்." கமலாதேவி தவமலரின் கன்னத்தைத் தடவினாள். இளையதம்பியருக்கு வாயெல்லாம் பல்.

காலையில் மீனலோசனிக்கு அழகாக ஒத்துவந்த கணக்கு, இப்போது பிள்ளையைச் சுற்றி வேலியாகிவிட்டது. இனி எந்தப் பெரியம்மா வந்து கேட்டாள் என்று சொல்வது?

குசினியின் பின்பக்கத்தில் சத்தியபாமா கிடாரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தவமலர் எச்சில் இலைகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் குஞ்சு அப்பிடிச் சொன்னனி?" சத்தியபாமா கேட்டாள். குரலில் கோபமில்லை.

"இல்லாட்டி எல்லாருக்கும் சோறு இல்லையெல்லோ. பெரியக்கா ராவில அரிசிப் பானையைத் திறந்து திறந்து பார்க்கிறவ. நான் கண்டனான்." பிள்ளை காலால் மணலைக் கிளறினாள். "சும்மாதானே சொன்னனான். நீங்கள் சாகேல்லத்தானே."

மீனலோசனி இதைக் கதவடியில் நின்று கேட்டாள். அந்தப் பிள்ளையின் தலையில் இந்தப் பாரத்தை வைத்தது தான்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது. இப்போதாவது முன்னுக்குப் போய், காரை மறித்து, 'இவதான் தாய், பிள்ளையை அனுப்புங்கோ' என்று சொல்லவேண்டும். சொன்னால் என்ன நடக்கும்? அரிசி போகும். மிஞ்சிப்போனால் வேலையும் போகும். வேலை போனால் போகட்டும். ஆனால் நாளைக்குக் காலையில் பானைக்குள் எதைப் போடுவது? மற்றப் பிள்ளைகளுக்கு என்ன பதில்? அவர்களுக்குக் கேட்டுக்கொண்டு வர நெடுந்தீவில் ஒரு தாய்கூட இல்லையே.

தவமலரை முன்னால் அனுப்பிவிட்டு அவள் சத்தியபாமாவின் அருகில் குந்தினாள். சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு.

"இப்ப கூட்டிக்கொண்டு போக ஏலாது, சத்தியபாமா. அந்த மனுசன் இனி இந்தப் பிள்ளையைத்தான் வந்து வந்து கேட்கும். ஒரு வருஷம் பொறும். அரிசி ஒழுங்கா வரத் தொடங்கட்டும். பிறகு நான் எப்பிடியாவது…"

முடிக்க முடியவில்லை. எப்படியாவது என்றால் எப்படி என்று அவளுக்கே தெரியாது.

சத்தியபாமா கிடாரத்தைக் கவிழ்த்து வைத்தாள். கையைக் கழுவினாள். ஓலைப் பையைத் திறந்து, பனம்பழத்தில் செய்த பனாட்டுத் துண்டுகளும் தைத்த சட்டை ஒன்றும் எடுத்து மீனலோசனியின் மடியில் வைத்தாள். சட்டை சின்னது. இரண்டு வருஷத்துக்கு முந்திய பிள்ளையை நினைத்துத் தைத்திருக்கிறாள்.

"அளவு பத்தாது போல. வேறை பிள்ளைக்குக் குடுங்கோ அக்கா."

"சத்தியபாமா, என்னைத் திட்டும். ரண்டு வார்த்தை ஏசிப்போட்டுப் போம்."

"உங்களை ஏன் அக்கா திட்டுறது? நீங்கள்தானே சோறு போட்டு வளர்த்தனீங்கள்." அவள் சேலையை உதறிக்கொண்டு எழும்பினாள். "ஒரு வருஷமோ, ரண்டு வருஷமோ பொறுக்கிறன். செத்த சனத்துக்கு என்ன அவசரம்?"

படலையைத் திறந்துகொண்டு மணலில் நடந்து போனாள். மகளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் பிள்ளை அழும், அழுதால் முன்னால் நிற்பவர்களுக்குக் கேட்கும் என்று நினைத்திருப்பாள். அவள் சொன்னதில் குத்தல் இருந்திருந்தால்கூட மீனலோசனி தாங்கியிருப்பாள். அதில் குத்தல் இல்லை, தான் செத்தவள்தான் என்பதை அந்த மனுசி ஒப்புக்கொண்டுவிட்டாள். மீனலோசனி படலை வரைக்கும் ஓடினாள், கூப்பிட வாயைத் திறந்தாள்.

"ரீச்சர்!" முன்பக்கத்திலிருந்து இளையதம்பியரின் குரல். "எங்கை நிக்கிறீர்? ஐயா போகப்போறார், அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரு நன்றி சொல்லும்."

மீனலோசனி முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு உள்ளே போய்த் தவமலரின் கையைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் போனாள்.